லைன் எங்கேஜ்டு

அறிவிப்புப் பலகைக்குக் கதவு வைத்து எங்காவது பார்த்திருக்கிறீர்களா? பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் தொங்கும் பலகையை வரி கட்ட வந்தவரும் படிக்கலாம், மழைக்கு ஒதுங்கியவரும் படிக்கலாம். ரேஷன் கடை வாசலில் சாக்பீஸால் எழுதிய இருப்புப் பட்டியலைப் பார்க்க யாரும் பெயரும் முகவரியும் கேட்பதில்லை. பலகை என்றாலே வழிப்போக்கருக்கானது.

1980களில் அமெரிக்க வீடுகளில் முளைத்த கணினிப் பலகைகள் அப்படி இருக்கவில்லை. 'புல்லட்டின் போர்டு சிஸ்டம்', சுருக்கமாக பி.பி.எஸ். என்று பெயர். வீட்டிலிருக்கும் கணினியை மோடம் வழியாகத் தொலைபேசியில் இணைத்து, அந்தப் பலகையின் எண்ணைச் சுழற்றினால், கடிதங்கள் படிக்கலாம், பதில் எழுதலாம், மென்பொருள்களை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் முதல்முறை போகிறவரிடம் அது முழுப்பெயர் கேட்கும், ஊர் கேட்கும், வீட்டுத் தொலைபேசி எண் கேட்கும். எல்லாவற்றையும் தட்டி முடித்த பிறகு, நாளைக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்று இணைப்பைத் துண்டித்துவிடும். மறுநாள் அனுமதி கிடைத்தாலும் நாளொன்றுக்கு இத்தனை நிமிடம்தான், இத்தனை கோப்புதான், இந்த அறை வரைதான். இன்னும் சில பலகைகளில் ரகசியச் சொல் தெரியாவிட்டால் பெயரைப் பதியும் இடத்துக்கே போக முடியாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? கணினி வைத்திருந்த பையன்களின் பந்தா என்று சொல்லிவிடத் தோன்றும். பந்தாவும் இருந்தது, அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் முதல் பூட்டை மாட்டியது ஆள் இல்லை. ஒரு ஜோடி செப்புக் கம்பி.

1978 ஜனவரி கடைசியில் சிகாகோவைப் பனிப்புயல் முடக்கிப்போட்டது. ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த வார்டு கிறிஸ்டென்சனும், கணினி ஆர்வலர் சங்கத்தில் அவருக்குப் பழக்கமான ராண்டி சூஸும் அந்த நாட்களில்தான் தொலைபேசியில் ஒரு யோசனையைப் பேசிக்கொண்டார்கள். சங்கத்தில் ஒரு தக்கைப் பலகை உண்டு. உதிரிபாகம் வேண்டுபவர்கள், கூட்டத்துக்குப் போக வண்டியில் இடம் தேடுபவர்கள் சீட்டு எழுதிக் குத்தி வைப்பார்கள். அதைக் கணினியில் வைத்தால் என்ன? கிறிஸ்டென்சன் நிரல் எழுதினார், சூஸ் வன்பொருளைப் பற்றவைத்தார். பிப்ரவரி 16 அன்று சி.பி.பி.எஸ். என்ற முதல் பலகை உயிர்பெற்றது. இயந்திரம் சூஸின் வீட்டில் இருந்தது. நகருக்குள் இருந்த வீடு என்பதால் உள்ளூர் அழைப்பாகவே பலரும் எட்டலாம் என்பது கணக்கு.

அந்த முதல் பலகை யாரையும் விரட்டவில்லை. மணி அடித்ததும் கணினி தன்னைத்தானே மறுபடி துவக்கிக்கொண்டு, வட்டிலிருந்து நிரலை ஏற்றி, வந்தவருக்கு வணக்கம் சொல்லும். வந்தவர் போன பிறகுதான் அடுத்த மணி. ஒருவர் உள்ளே இருக்கும்வரை வேறு யார் சுழற்றினாலும் எங்கேஜ்டு ஒலிதான். சி.பி.பி.எஸ். ஓய்வு பெறுவதற்குள் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான அழைப்புகளை வாங்கியது என்பார்கள். அந்தக் கணக்கில் எங்கேஜ்டு கேட்டுத் திரும்பியவர்கள் இல்லை.

இன்றைய இணையத்தோடு பழகியவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் விளங்காமல் போகலாம். இணையத்தில் நாம் ஒரு பக்கத்தைக் கேட்டால் அது சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது. வந்து சேர்ந்ததும் அந்தக் கம்பியில் இன்னொருவரின் பொட்டலம் ஓடும். ஒரே கம்பியில் ஆயிரம் பேர் இடைவெளி பார்த்து நுழைந்துகொள்கிறார்கள். பழைய தொலைபேசி அப்படி இல்லை. அழைப்பு எடுபட்டதும் இரு முனைகளுக்கும் நடுவில் ஒரு பாதை அவர்களுக்கென்றே பூட்டப்பட்டுவிடும். பேசினாலும் பேசாவிட்டாலும் பாதை அவர்களுடையது. பலகைக்குள் போனவர் கடிதத்துக்குப் பதில் யோசித்துக்கொண்டு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தாலும், காபி போட எழுந்து போனாலும், ஊருக்கெல்லாம் லைன் எங்கேஜ்டு. பல நிமிடம் விசை எதுவும் தட்டாதவரைத் தானாக வெளியே தள்ளும் ஏற்பாடு பலகை மென்பொருள்களில் வெகு சீக்கிரமே புகுந்ததற்கு இதுதான் காரணம்.

வேகமும் சேர்ந்துகொண்டது. அன்றைய மோடம் நொடிக்கு 300 பிட் அனுப்பும். ஓர் எழுத்துக்கு 8 பிட், அது தொடங்குவதையும் முடிவதையும் சொல்ல முன்னும் பின்னும் ஒவ்வொரு பிட். ஆக எழுத்துக்கு 10 பிட், நொடிக்கு 30 எழுத்து. 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமுமான ஒரு திரை நிரம்ப 64 நொடி ஆகும். வாசிக்கிறவர் கண்ணுக்கு ஏறக்குறைய ஈடான வேகம்தான், ஆனால் வேண்டாததைத் தள்ளிவிட்டு வேண்டியதற்குத் தாவ முடியாது. பிறகு 2400 பிட் மோடம் வந்தபோது அதே திரை 8 நொடியில் நிரம்பியது. நெரிசல் குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. கடிதம் மட்டும் படித்துக்கொண்டிருந்தவர்கள் மென்பொருள்களை அள்ள ஆரம்பித்துவிட்டார்கள். 360 கிலோபைட் ஃப்ளாப்பி ஒன்றில் அடங்கும் சரக்கை 2400 வேகத்தில் இறக்க, எந்தப் பிழையும் நேராவிட்டால், சுமார் 26 நிமிடம். 300 வேகக்காரருக்கு அதுவே மூன்று மணி நேரத்துக்கு மேல். சாலையை அகலப்படுத்தினால் வண்டிகள் கூடும் என்று ஊர்ப்புறத்தில் சொல்வார்களே, அந்தக் கதை.

இந்த நெரிசலுக்கான கணிதம் கணினிகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க் கணிதவியலாளர் ஏ.கே. எர்லாங் 1917இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் அழைக்கிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறார்கள், எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று சொன்னால், எத்தனை பேருக்கு எங்கேஜ்டு கேட்கும் என்பதை அது சொல்லும். ஒரே இணைப்பு என்றால் மனக்கணக்காகவே போடலாம். அழைப்பவர் எண்ணிக்கையைப் பிடித்துவைக்கும் மணிநேரத்தால் பெருக்குங்கள். வருவதை, அதோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்தால் போதும்.

ஒரு பலகையை மாலை நேரத்தில் மணிக்கு 4 பேர் அழைக்கிறார்கள், ஆளுக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 4 பெருக்கல் அரை, 2. அதை 3ஆல் வகுத்தால், அழைப்பவர்களில் மூன்றில் இருவருக்கு எங்கேஜ்டு. ஆளுக்குக் கால் மணி நேரம் என்று குறைத்தால் 1 வகுத்தல் 2, பாதிப் பேருக்கு எங்கேஜ்டு. அரை மணி நேரத்தை அப்படியே விட்டுவிட்டு, பலகைக்காரர் இன்னொரு தொலைபேசியும் இன்னொரு மோடமும் வாங்கி இரண்டாவது இணைப்பு போட்டால்? 40 விழுக்காடு. அதாவது மாதாமாதம் கட்டணம் கட்டி இரண்டாவது இணைப்பு வைப்பதில் கிடைக்கும் பலனில் பெரும்பங்கை, நிரலில் ஒரே ஓர் எண்ணை மாற்றி இலவசமாகப் பெற்றுவிடலாம். கையில் காசில்லாத பலகைக்காரர் எதைச் செய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. நாளொன்றுக்கு இத்தனை நிமிடம் என்ற கட்டுப்பாடு பெரும்பாலான பலகைகளில் வந்துவிட்டதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான காரணம் இல்லை.

எர்லாங்கின் சூத்திரத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எங்கேஜ்டு கேட்டவர் பேசாமல் போய்விடுவார் என்று அது நம்புகிறது. பலகைக்காரர்களின் உலகத்தில் யாரும் பேசாமல் போகவில்லை. 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம் வந்தது. கணினியே எண்ணைச் சுழற்றும், எடுபடாவிட்டால் மறுபடி சுழற்றும், எடுபடும்வரை சுழற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு சலிக்காத விரல் வந்துவிட்டால் நிலைமை சூத்திரம் சொல்வதைவிட மோசமாகத்தான் இருக்கும். தொலைபேசிக்கு வரிசை தெரியாது. ரேஷன் கடையில் முதலில் வந்தவர் முன்னால் நிற்பார், பையையாவது போட்டு இடம் பிடிப்பார். தொலைபேசியில் இரண்டு மணி நேரமாக முயல்பவரும் இப்போதுதான் உட்கார்ந்தவரும் சமம். கம்பி விடுபட்ட நொடியில் யார் விரல் விழுகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். வெளியே வரிசை வைக்க வழியில்லாததால் பங்கீட்டை உள்ளே வைத்தார்கள். எஸ்.டி.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஏறுவதைப் பார்த்தபடியே பேசிப் பழகியவர்களுக்குத் திரையில் மீதி நிமிடம் குறைந்துகொண்டே வரும்போது வரும் படபடப்பு புரியும். நம் ஊரில் இந்தப் பலகைகள் பெரிய அளவில் பரவாமல் போனதில் வியப்பில்லை. தொலைபேசிக்கே விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

நிமிடக் கஞ்சத்தனம் அழகான சில கண்டுபிடிப்புகளையும் பெற்றெடுத்தது. இன்று செலவழிக்காத நிமிடங்களைச் சேமித்து வைத்து நாளைக்கு எடுத்துக்கொள்ளும் 'டைம் பேங்க்' வந்தது. 1987இல் கியூ.டபிள்யூ.கே. என்ற கடிதப் பொட்டல முறை வந்தது. புதிய கடிதங்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டில் சாவகாசமாகப் படித்துப் பதில் எழுதி, பிறகு ஒரே அழைப்பில் ஏற்றிவிடலாம். விளையாட்டுகளும் இந்த வார்ப்பில்தான் வந்தன. 1989இல் சேத் ராபின்சன் எழுதிய 'லெஜண்ட் ஆஃப் தி ரெட் டிராகன்' என்ற எழுத்துவடிவ விளையாட்டில் நாளொன்றுக்கு இத்தனை காட்டுச் சண்டைகள்தான் என்று அளவு உண்டு. எதிராளியும் அதே நேரத்தில் உள்ளே இருக்க முடியாது, இருப்பது ஒரே கம்பி. ஆகவே அவர் இல்லாதபோது அவருடைய பாத்திரத்தோடு மோதிவிட்டுப் போக வேண்டும். மறுநாள் அவர் வந்து, தான் செத்துக் கிடந்த கதையைப் படித்துக்கொள்வார்.

மனிதர்கள் எல்லாரையும் ஒரேயடியாக வெளியே நிறுத்திய கதவும் ஒன்று உண்டு. 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த டாம் ஜென்னிங்ஸ், தான் எழுதிய ஃபிடோ பலகையை பால்டிமோரில் ஒரு நண்பரின் ஃபிடோ பலகையோடு பேசவைக்க விரும்பினார். தொலைதூர அழைப்புக்கு நிமிடக் கட்டணம், நள்ளிரவுக்கு மேல் மலிவு. ஆகவே பலகைகள் இரவில் ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களைக் கைமாற்றின. ஃபிடோநெட் என்று வளர்ந்த அந்த வலையில் சேர்ந்த வட அமெரிக்கப் பலகைகளெல்லாம் கீழைக் கடற்கரை நேரப்படி விடியற்காலை 4 மணியிலிருந்து 5 மணிவரை மனித அழைப்புகளை ஏற்கக் கூடாது என்பது விதி. அந்த ஒரு மணி நேரம் இயந்திரங்களுக்கு. தூக்கம் வராத யாராவது அப்போது அழைத்தால் மறுமுனை தன் பாஷையில் கீச்சிட்டுவிட்டு வைத்துவிடும்.

கம்பி நெருக்கடி ஒன்றுதான் காரணமாக இருந்திருந்தால், வசதி வந்ததும் கதவுகள் திறந்துகொண்டிருக்கும். இரண்டாவது காரணத்தைக் கற்றுக்கொடுத்தது கலிஃபோர்னியா. சி.பி.பி.எஸ். பிறந்த அதே 1978இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 'கம்யூனிட்ரீ' என்ற பலகை தொடங்கியது. ஆப்பிள் கணினியில் ஓடியது. ஒரு கருத்திலிருந்து இன்னொரு கருத்து கிளைவிட்டு மரமாக வளரும் அமைப்பு. அதை உருவாக்கியவர்கள் தணிக்கை கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். வருகிற கடிதங்களை நடத்துபவர் கண்காணித்து எளிதாக நீக்கும் வசதியைக்கூட வேண்டுமென்றே வைக்கவில்லை. ஆன்மிகமும் தத்துவமும் விவாதித்த ஒரு கூட்டம் சில ஆண்டுகள் அங்கே நிம்மதியாக இருந்தது.

1980களின் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களுக்கு ஆப்பிள் கணினிகள் வந்து சேர்ந்தன. பையன்களுக்குப் பலகையின் எண் தெரிந்துபோனது. கழிப்பறைச் சுவரில் கிறுக்குவதையெல்லாம் மரத்தில் கிறுக்கினார்கள். சிறிய வட்டு நாள்தோறும் குப்பையால் நிரம்பியது. கணினியை முடக்கும் கட்டளை எழுத்துகளைத் தட்டுவதில் இன்னும் ருசி கண்டார்கள், வருவதை வடிகட்ட அந்த நிரலுக்குத் தெரியவில்லை. சில மாதங்களில் கம்யூனிட்ரீ மூச்சுத் திணறி நின்றுபோனது. இந்தக் கதையைப் பின்னாளில் விரிவாக எழுதியவர் ஆய்வாளர் சாண்டி ஸ்டோன். அந்தப் பையன்களுக்கு விரோதம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் யாரும் இருப்பதாகவே அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

வட்டு நிரம்பினால் பலகை செத்துவிடும் என்பதை இன்று கற்பனை செய்வது கடினம். 1980இல் சீகேட் நிறுவனம் விற்ற 5 மெகாபைட் வட்டின் விலை 1500 டாலர். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதை நிரப்பிவிடலாம். ஆகவே பழைய கடிதங்கள் அழிக்கப்பட்டன, ஒருவர் இத்தனைதான் எழுதலாம் என்று எல்லை வந்தது. எதிர்ப்பக்கக் குறை ஒன்றும் உண்டு. எல்லாரும் எடுத்துக்கொண்டே இருந்தால் யார் போடுவது? எதையும் ஏற்றாமல் இறக்கிக்கொண்டே போகிறவரை 'லீச்' என்றார்கள், அட்டை என்று பொருள். அட்டைகளைச் சமாளிக்க விகிதக் கணக்கு வந்தது. ஒரு கோப்பு ஏற்றினால் மூன்றோ ஐந்தோ இறக்கலாம். சில இடங்களில் கோப்புக்குப் பதில் கடிதம்: நான்கு வார்த்தை எழுதாமல் வந்து வந்து போனால் கதவு சாத்தப்படும். இதில் விளைந்த கூத்து, விகிதத்தைச் சரிக்கட்டுவதற்காகவே 'நானும் ஆமோதிக்கிறேன்' என்று ஒருவரி எழுதி ஓடியவர்கள். அது எந்தப் பங்கீட்டுக்கும் நேர்வதுதான்.

பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்கும் பழக்கம் வேரூன்றியதற்குப் பின்னால் பயம் இருக்கிறது. 1983இல் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. ஒரு பையன் மோடத்தை வைத்து ராணுவக் கணினிக்குள் நுழைந்துவிடும் 'வார் கேம்ஸ்' படம் வெளியானது. மில்வாக்கி நகரத்து இளைஞர்கள் சிலர், தங்கள் வட்டாரத் தொலைபேசிக் குறியீடான 414ஐயே பெயராக வைத்துக்கொண்டு, லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடம் உட்படப் பல கணினிகளுக்குள் புகுந்து பிடிபட்டார்கள். மோடம் வைத்திருப்பவன் என்றாலே போலீசின் கண்ணில் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறு ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் டாம் சிம்பிடிஸ் என்பவரின் வீட்டுக்குப் போலீஸ் வந்து அவருடைய பலகை ஓடிய கணினியை எடுத்துக்கொண்டு போனது. யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் வந்து, திருட்டுத்தனமாக இலவச அழைப்பு போட உதவும் தொலைபேசி அட்டை எண்களை அந்தப் பலகையில் எழுதிவிட்டுப் போயிருந்தார். எழுதியவர் கிடைக்கவில்லை, பலகைக்காரர் கிடைத்தார். தனக்குத் தெரியவே தெரியாது என்றார் அவர். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அதைக் கேள்விப்பட்ட மற்ற பலகைக்காரர்கள் அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். பெயர் தெரியாத ஒருவன் உங்கள் வீட்டுச் சுவரில் எழுதியதற்கு உங்கள் கணினி ஜப்தி.

அழைப்பவர் எண் திரையில் தெரியும் காலம் அப்போது இல்லை. மணி அடிக்கும், மோடம் எடுக்கும், மறுமுனையில் இருப்பவர் தன்னை என்னவாகச் சொல்கிறாரோ அதுதான். மெய்யா என்று பார்க்க ஒரே வழி, நாமே திருப்பி அழைப்பது. 'சிஸாப்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட பலகை நடத்துநர்கள் பலர், புதியவர் எழுதிவைத்த எண்ணை மாலையில் தாங்களே அழைத்துப் பேசுவார்கள். பதினான்கு வயதுப் பையனின் அம்மா எடுத்து, யாரப்பா நீ என்று கேட்ட சங்கடங்கள் நிறைய நடந்திருக்கும். இதையே நிரலாக்கினார்கள். புதியவர் தன் எண்ணைத் தட்டுவார். பலகை துண்டித்துவிட்டு அந்த எண்ணைச் சுழற்றும். புதியவர் வீட்டில் மணி அடித்ததும் மோடத்தை எடுக்கச் சொல்லி, கடவுச்சொல்லைத் தட்டினால், ஆள் அந்த எண்ணில்தான் இருக்கிறார் என்பது உறுதி. இன்று கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.க்கு இதை ஒரு பெரியப்பா முறை எனலாம். பிரச்சினையும் உண்டு. எதிரியின் எண்ணைக் கொடுத்து நடுராத்திரி அவன் வீட்டில் மணி அடிக்கவைக்கலாம். 911 போன்ற அவசர எண்ணைக் கொடுத்தால் கணினி அதையும் சமர்த்தாகச் சுழற்றும். ஆகவே சுழற்றக் கூடாத எண்களின் பட்டியலும் நிரலோடு சேர்ந்தது. வெளியூர் எண் என்றால் கட்டணம் சிஸாப் தலையில் என்பதால் வெளியூர்க்காரர்கள் தபாலில் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டமும் கதவை விரும்பியது. 1986இல் அமெரிக்கா மின்வழிக் கடிதங்களின் அந்தரங்கத்தைக் காக்க ஒரு சட்டம் போட்டது. பொதுமக்கள் யாரும் எளிதில் அணுகும்படி அமைந்த செய்திகளுக்கு அந்தக் காப்பு கிடையாது என்பது அதன் விதிவிலக்கு. பலகை யாருக்கும் திறந்தே கிடந்தால், சாலையோரச் சுவரொட்டியை யார் படித்தால் என்ன என்ற கேள்வி வரும். பதிவும் கடவுச்சொல்லும் இருந்தால் உள்ளே இருப்பது கடிதம் என்று வாதாடலாம். 1990 மார்ச் 1 அன்று ஆஸ்டின் நகரில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தை அமெரிக்க ரகசியப் பணித்துறை சோதனையிட்டு, அதன் பலகைக் கணினியையும் தூக்கிச் சென்றது. பயனர்கள் 365 பேர். உரியவர்கள் இன்னும் பிரித்துப் படிக்காத தனிக்கடிதங்கள் 162 அதில் இருந்தன. 1993இல் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இன்னொரு பக்கம், எதற்கு வம்பு என்று நினைத்த சிஸாப்கள், இந்தப் பலகையில் தனிக்கடிதம் என்று எதுவுமில்லை, எல்லாவற்றையும் நான் படிப்பேன் என்று வாசலிலேயே எழுதி மாட்டினார்கள்.

பந்தாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். 1984இல் பள்ளி மாணவராக இருந்த வேய்ன் பெல் எழுதிய டபிள்யூ.டபிள்யூ.ஐ.வி. என்ற பலகை மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதுகாப்பு நிலை எண் உண்டு. சிஸாப்புக்கு 255. ஏன் 255 என்றால், ஒரு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் அதுதான். நினைவகத்தில் ஒரு பைட் மிச்சப்படுத்த வைத்த எண், மனிதர்களுக்கிடையே சாதிப்படிநிலை மாதிரி ஆகிப்போனது. எனக்கு 60, உனக்கு எவ்வளவு என்று பையன்கள் கேட்டுக்கொண்டார்கள். குறைந்த நிலையில் இருப்பவருக்கு மேல்நிலை அறைகள் இருப்பதே திரையில் தெரியாது. திருட்டு மென்பொருள் பரிமாறிய 'எலீட்' பலகைகளில் உள்ளே போக ரகசியச் சொல், பிறகு குழூஉக்குறிகளில் ஒரு தேர்வு, பிறகு பழைய உறுப்பினர்களின் ஓட்டெடுப்பு. போலீஸ் பயமும் அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே போனால் கிடைத்த சரக்கைவிட, வெளியே நிற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் பலருக்கு இனித்தது. தொல்லை தருபவர்களை விரட்டாமல், அவர்கள் எழுதுவது அவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி செய்துவிடும் குறும்பு ஏற்பாடும் சில மென்பொருள்களில் இருந்தது. யாருமே பதில் சொல்லாத ஊரில் கொஞ்ச நாள் கத்திப் பார்த்துவிட்டு அவர்களாகவே போய்விடுவார்கள்.

பாதுகாப்புக்குப் போட்ட பூட்டே சாட்சிக்கூண்டில் ஏறிய ஒரு வழக்கும் உண்டு. கலிஃபோர்னியாவின் மில்பிடாஸ் நகரில் ஒரு தம்பதி வயதுவந்தோருக்கான படங்களை வைத்துக் கட்டணப் பலகை ஒன்றை நடத்தினார்கள். தங்கள் ஊரில் தவறாகக் கருதப்படாத சரக்கு என்பது அவர்கள் வாதம். டென்னசி மாநிலத்திலிருந்து தபால் துறை ஆய்வாளர் ஒருவர் பொய்ப் பெயரில் உறுப்பினரானார். 1994இல் மெம்ஃபிஸ் நகர நடுவர்கள், தங்கள் ஊர் அளவுகோலால் அளந்து, இருவரையும் குற்றவாளிகள் என்றார்கள். மேல்முறையீட்டில் தம்பதியின் வாதம், எந்த ஊரிலிருந்து யார் வருவார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்பது. 1996இல் நீதிமன்றம் அந்த விண்ணப்பப் படிவத்தையே எடுத்துக்காட்டியது. பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்துத்தானே அனுமதித்தீர்கள்? மெம்ஃபிஸ்காரர் என்று தெரிந்திருந்தும் கதவைத் திறந்தவர்கள் நீங்கள்தானே? எதையுமே கேட்காமல் இருந்திருந்தால் அந்த வாதமாவது அவர்களுக்கு மிஞ்சியிருக்கும்.

அந்தத் தீர்ப்பு வந்தபோது பலகைகளின் காலம் ஏற்கெனவே முடிந்துகொண்டிருந்தது. இணைய வசதி வீடுகளுக்கு வந்தது, ஒரே தொலைபேசி அழைப்பில் உலகம் முழுக்கப் போகலாம் என்றானது. சிஸாப்கள் ஒவ்வொருவராக மோடத்தைக் கழற்றினார்கள்.

எல்லாரும் கழற்றவில்லை. பழைய நாட்களின் மீது பிரியம் உள்ள சிலர் அதே மென்பொருள்களைத் தொலைபேசிக் கம்பிக்குப் பதிலாக இணையத்தில் இணைத்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். டெல்நெட் வழியாகப் பல பேர் ஒரே நேரத்தில் நுழையலாம், எங்கேஜ்டு ஒலி கிடையாது. அப்படி ஒன்றில் புதிதாகப் பதிந்தால், முதல் வேலையாக வீட்டுத் தொலைபேசி எண் கேட்கக்கூடும். திரையின் மூலையில் மீதி நிமிடம் குறைந்துகொண்டே வரும். உள்ளே சிவப்பு டிராகனைத் தேடிக் காட்டுக்குள் போனால், சில சண்டைகளுக்குப் பிறகு, இன்றைக்கு இவ்வளவுதான், நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிடும். உங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.